ஆறாம் மலையில் பாட்டு

எங்கள் தேயிலை மலைப் பக்கத்தில் யார் எவ்வளவு உயரத்தில் இருக்கிறார்கள் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். காது இருந்தால் போதும். தோட்டத் தொழிலாளர் அடுத்தடுத்த அறைகளில் குடியிருக்கிற ரோட்டோரத்து லயத்தில் எல்லாச் சத்தமும் வந்து விழும். காலையில் பாண் ரொட்டி விற்கிற ஓட்டோ தனக்கென்று இருக்கிற ஒரே மெட்டைப் போட்டுக்கொண்டு வரும். அது போனதும் தலவாக்கலை பஸ், டிரைவருக்குப் பிடித்த குத்துப்பாட்டோடு வளைவில் திரும்பும். பக்கத்துக் காம்பராவில் ஒரு பிள்ளைக்குச் சடங்கு என்றால் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டி அடுக்கிவிடுவார்கள். இரண்டு நாளைக்கு நம் வீட்டுப் பாத்திரங்களும் சேர்ந்து ஆடும். இதையெல்லாம் யாரும் நம்மிடம் கேட்டுவிட்டுப் போடுவதில்லை. கொஞ்சம் மேலே உத்தியோகத்தர் வீடுகள். அங்கே பாதிச் சத்தம்தான் ஏறும். மலையின் உச்சியில் பழைய துரை பங்களா. அங்கே ஒன்றுமே கேட்காது.

நான் பிறந்தது கீழே, வேலைக்குப் போனது உச்சிக்கு.

பங்களாவை ஒரு கம்பெனி குத்தகைக்கு எடுத்து ஹோட்டலாக்கியிருந்தது. ஆறே அறைகள். வராந்தாவை ஒட்டிப் பெரிய கண்ணாடிக் கதவுகள். நானுஓயா ஸ்டேஷனில் இறங்குகிற விருந்தாளிகளை வேனில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு அட்டை இருக்கும். அதில் சாப்பாட்டுக்கு முன்னால், காட்சிக்கு முன்னால், முதல் வரியில் அமைதி என்று எழுதியிருக்கும். அமைதியை விற்கலாம் என்பது எனக்கு அங்கே போன பிறகுதான் தெரியும்.

வரவேற்பு மேசையில் நீலச் சேலை கட்டிக்கொண்டு நிற்பதுதான் என் வேலை. நேர்முகத் தேர்வில் ஊர் எது என்று கேட்டார்கள். ஹட்டன் டவுன் என்று சொல்லிவிட்டேன். வாய் முந்திக்கொண்டது. சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே! லயத்துக்குப் பின்னாலிருந்து தேயிலைக்குள் போகிற குறுக்குப் பாதையில் ஏறினால் பங்களா பத்து நிமிஷம். நான் தினமும் ரோட்டுக்கு இறங்கி, பஸ் பிடித்து, மலையைச் சுற்றிக்கொண்டு முன் கேட் வழியாகப் போனேன். பத்து நிமிஷ நடைக்கு அரை மணி நேர பஸ். தலைக்கு நேர் மேலே ஸ்பீக்கர். ஹட்டன்காரியாக இருப்பதற்கு அந்தக் குத்துப்பாட்டுதான் நான் கொடுத்த விலை.

என் தங்கச்சி அந்தக் குறுக்குப் பாதையில் ஏறி வேலைக்குப் போனாள், ஆறாம் மலைக்கு. எங்களிடம் மலை என்றால் ஒரு துண்டுத் தேயிலைக் காடு. ஆறாம் மலை பங்களா வராந்தாவுக்கு நேர் கீழே சரிந்து கிடக்கும்.

அப்பா தவறிய வருஷம், எங்கள் இருவரில் ஒருத்திதான் படிக்க முடியும் என்று ஆனது. வீட்டில் யாரும் உட்கார்ந்து பேசவில்லை. நான் நன்றாகப் படிக்கிறவள் என்று பெயர் எடுத்திருந்தேன். அவள் ஒரு திங்கட்கிழமை அம்மாவின் கொழுந்துக் கூடையை எடுத்து மாட்டிக்கொண்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டாள். திரும்பி வந்து, "கூட நெனச்ச மாதிரி பாரமில்லக்கா" என்றாள். அவ்வளவுதான் அந்தப் பேச்சு.

பங்களா ஹோட்டலாவதற்கு முந்திய வருஷம் அவளைக் குளவி கொட்டியது. தேயிலைக் காட்டில் குளவி புதிதல்ல. ஆனால் அவள் உடம்பு வேறு மாதிரி. முகம் வீங்கி, உதடு வீங்கி, மூச்சே நின்றுவிடும் போல் ஆகி, நுவரெலியா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இன்னொரு தரம் கொட்டினால் ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்குவாளா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஃபெக்டரிக்குள் ஒரு வேலை கொடுங்கள் என்று கேட்டோம். பார்ப்போம் என்றார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பதினைந்தாம் நாள் அவள் திரும்ப மலைக்குப் போனாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு வந்த காதைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும். நினைத்தால் இப்போதும் வியப்பாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நான் சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பேன். பக்கத்துக் காம்பராவில் டிவி அலறும், வெளியே யாராவது தகரம் தட்டுவார்கள். இவள், "இரு, அக்கா" என்று கையைத் தூக்குவாள். "பீலிகிட்ட ஒன்னு சுத்துது." போய்ப் பார்த்தால், தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் ஒற்றைக் குளவி சுற்றிக்கொண்டிருக்கும். இருபது அடி தூரம், நடுவில் ஒரு சுவர். எனக்குப் புல்லரிக்கும். என்னடி காது இது என்பேன். "பயந்தவ காது" என்பாள்.

கொழுந்து எடுக்கிற பெண்கள் பேசாமடந்தைகள் என்று யாராவது நினைத்தால் அவர்கள் ஆறாம் மலைக்கு வந்ததே இல்லை. அரட்டை, கேலி, சண்டை, இடுப்பில் சொருகிய ஃபோனில் பாட்டு என்று ஒன்றுக்கும் குறைவிருக்காது. ஆனால் ஒரு பழக்கம் உண்டு. புது நிரைக்குள் முதலில் இறங்குகிறவள் பாட்டுக் கேட்க மாட்டாள், பேசவும் மாட்டாள். மற்றவர்கள் சிரித்துக்கொண்டு பின்னால் வருவதற்காக அவள் ஒருத்தி காது கொடுத்துக்கொண்டு போவாள். முன்பெல்லாம் முறை வைத்துப் போனார்கள். என் தங்கச்சி திரும்பி வந்த பிறகு அவளையே முன்னால் விட்டுவிட்டார்கள். எனக்கு இதைக் கேட்டுக் கோபம் வந்தது. சாவுக்குப் பக்கத்தில் இருக்கிறவளையா முன்னால் அனுப்புவது என்று கத்தினேன். "பின்னால நின்னாத்தான் எனக்குப் பயம்" என்றாள் அவள்.

முன்னால் போகிறவளுக்குக் குளவி தெரிந்துவிட்டால் கத்தக் கூடாது. கத்தினால் அது நம் மேலேயே வரும். அவள் தன் மட்டக்கம்பை நேராகத் தூக்கிப் பிடிப்பாள். அது தேயிலையின் மட்டம் பார்ப்பதற்காகச் செடி மேல் போடுகிற நீளக் கம்பு. அதைப் பார்த்தவள் தன் கம்பைத் தூக்குவாள், அவளைப் பார்த்து அடுத்தவள். பிறகு எல்லோரும் செடிக்கு அடியில் குந்தி, இடுப்பில் கட்டியிருக்கிற படங்குத் துணியைத் தலைக்கு மேல் இழுத்து மூடிக்கொண்டு அசையாமல் கிடப்பார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியும் என்பதுதான் எனக்கு அவமானம்.

ஹோட்டலில் சேர்ந்த கொஞ்ச நாளில் கோயில் திருவிழா வந்தது. கோயில் குழாய் ஸ்பீக்கரிலிருந்து பக்திப் பாட்டு அந்த உச்சி வரைக்கும் ஏறிவிட்டது. விருந்தாளிகள் இரண்டு பேர் முறையிட்டார்கள். அமைதிக்குத்தானே வந்திருக்கிறார்கள். மேனேஜர் கொழும்பிலிருந்து வந்தவர், சிங்களம் பேசுகிறவர், குரலை உயர்த்தாதவர். கோயில் கமிட்டிக்குத் தமிழில் ஒரு கடிதம் அடிக்கச் சொன்னார். நான்தான் அடித்தேன். நான் காது குத்திக்கொண்ட கோயில் அது. மறுநாளே குழாயைப் பள்ளத்துப் பக்கம் திருப்பிக் கட்டிவிட்டார்கள்.

அதே வருஷம் மேனேஜருக்கு ஒரு யோசனை வந்தது. விருந்தாளிகள் வாடகைச் சேலை கட்டி, கூடை மாட்டி, ஆறாம் மலையின் ஓரத்தில் நின்று வீடியோ எடுப்பது வழக்கமாகியிருந்தது. வீடியோவுக்குப் பாட்டு இருந்தால் கலகலப்பாக இருக்கும் என்றார். மலைக்கு நடுவில் இரண்டு நிழல் மரங்களில் இரண்டு கறுப்புப் பெட்டிகளைக் கட்டினார்கள். காலை எட்டு மணிக்குச் சினிமாப் பாட்டு தொடங்கும். சாயந்திரம் வரைக்கும் ஓடும். சுவிட்ச் என் மேசைக்குக் கீழே இருந்தது. விருந்தாளிகளுக்கு அலுத்துவிட்டால் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். மலைக்கு ஏது கதவு?

நான் அதைப் பெருமையாகத்தான் செய்தேன், சொல்லிவிடுகிறேன். எங்கள் பெண்கள் பாட்டுக் கேட்டுக்கொண்டு வேலை செய்யட்டும், என் கையால் போட்ட பாட்டு என்று நினைத்தேன். முதல் நாள் சாயந்திரம் தங்கச்சி கூடையைக்கூட இறக்காமல் வாசலில் நின்றாள்.

"அக்கா, அந்தப் பாட்ட நிறுத்தச் சொல்லு."

"ஏன், நல்ல பாட்டுதான?"

"பாட்டு நல்லாத்தான் இருக்கு. எனக்கு வேற ஒன்னும் கேக்கல."

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. சொன்னால், மலையில் நடப்பது உனக்கு எப்படித் தெரியும் என்று மேனேஜர் கேட்பார். ஹட்டன் டவுன்காரிக்குக் குளவியைப் பற்றி என்ன கவலை? ஒரு வாரம் தினமும் கேட்டாள். நாளைக்கு, நாளைக்கு என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது.

மூன்றாம் மாதம், ஒரு நல்ல வெயில் நாள். வராந்தாவில் ஏழெட்டு விருந்தாளிகள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். கீழே பாட்டு போய்க்கொண்டிருந்தது. நான் ஒரு தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். ஆறாம் மலையின் நடுவில் என் தங்கச்சி மட்டக்கம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் மேலே பார்த்தபடி இருந்தது.

அவள் எனக்குக் கை காட்டுகிறாள் என்று நினைத்தேன். அத்தனை நாளில் ஒரு தரம்கூட அவள் பங்களாவை நிமிர்ந்து பார்த்தது கிடையாது. யாராவது கவனிக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, இடுப்பளவில் மெதுவாகக் கையை ஆட்டினேன். லயத்தில் பிறந்தவள், அந்தக் கம்புக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தவள், பதிலுக்குக் கை காட்டினேன்.

அடுத்த கம்பு எழுந்தது. அதற்குப் பக்கத்தில் ஒன்று. அப்புறம் வரிசை வரிசையாக, சரிவின் அந்தக் கோடி வரைக்கும் நாற்பது கம்புகள். ஒரு வார்த்தை இல்லை, ஒரு கூச்சல் இல்லை. பிறகு எல்லாக் கம்பும் இறங்கின, எல்லாத் தலையும் இறங்கின. ஆறாம் மலையில் ஆளே இல்லை. பச்சை மட்டும் இருந்தது, வெயில் இருந்தது, பாட்டு இருந்தது. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது மலைப்பு. நாற்பது பெண்கள் ஒரே உடம்பாக மண்ணோடு மண்ணாகப் போனதை நான் கண்ணால் பார்த்தேன்.

விருந்தாளிகள் கைதட்டினார்கள்.

நடனம் என்று நினைத்துவிட்டார்கள். ஒரு அம்மா ஃபோனை எடுத்து, மறுபடியும் செய்வார்களா என்று கேட்டார். மேனேஜர் முகமெல்லாம் சிரிப்பு. இது நன்றாக இருக்கிறதே, தினமும் செய்யச் சொல்லலாமே என்று சிங்களத்தில் என்னிடம் சொன்னார். அப்போதுதான் நான் மரத்தைப் பார்த்தேன். பாட்டுப் பெட்டி கட்டிய கிளையைச் சுற்றிப் புகை மாதிரி ஒன்று சுழன்றுகொண்டிருந்தது.

படங்குக்குள் கிடக்கிறவளுக்குக் கண் தெரியாது. குளவி போய்விட்டதா, தலைக்கு மேலேயே நிற்கிறதா என்பதைக் காதை வைத்துத்தான் அறிய வேண்டும். காதுக்குள் நான் பாட்டை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

ஓடினேன். வயரைப் பிடித்து இழுத்து பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். மேனேஜர் பின்னாலேயே வந்து ஏன் நிறுத்தினாய் என்றார். "தெபரு சேர், தெபரு" என்றேன், குளவிக்குச் சிங்களத்தில் அதுதான் பெயர். அவர் முகம் மாறியது. விருந்தாளிகளை உள்ளே அனுப்பிக் கண்ணாடிக் கதவுகளைச் சாத்தினார். என்னையும் கூப்பிட்டார். நான் போகவில்லை.

மூன்று மாதத்தில் முதல் தரமாகப் பகல் நேரத்தில் அந்த மலையைக் கேட்டேன். முதலில் ஒன்றுமே இல்லை. பிறகு வந்தது, அடித்தொண்டையில் யாரோ விடாமல் முனகுகிற மாதிரி ஒரு சத்தம். அது நகர்ந்தது, மேலே போனது, திரும்ப இறங்கியது. அதற்குக் கீழே நாற்பது பேர் இருக்கிறார்கள் என்பதற்கு ஒரு அடையாளம் இல்லை. ஒரு இருமல் இல்லை, ஒரு இலை அசையவில்லை. ஒரு கொட்டில் செத்துப்போகக் கூடியவள் அதற்குள் எங்கேயோ மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். சாமி கும்பிட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அந்த அசைவின்மையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இவ்வளவு பெரிய ஒன்றை இவர்கள் தங்களுக்குள் வைத்திருக்கிறார்கள், நான் இவர்களுக்குப் பாட்டுப் போட்டிருக்கிறேன்.

மூன்று நான்கு பாட்டு ஓடுகிற நேரம் இருக்கும். முனகல் தேய்ந்து, இல்லாமல் போனது. அப்படியும் யாரும் எழவில்லை. பிறகு செடிகளுக்கு நடுவிலிருந்து, கோழியைக் கூப்பிடுகிற மாதிரி, நாக்கைச் சொடுக்குகிற சத்தம் இரண்டு தரம் கேட்டது. ஒரு தலை எழுந்தது. என் தங்கச்சியின் தலை. அப்புறம் மற்ற தலைகள். இரண்டு பேருக்குக் கையில் லேசாகக் கொட்டியிருந்தது. அவளுக்கு ஒன்றுமில்லை. நான் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

சாயந்திரம் அடுப்படியில் கேட்டேன், அந்தப் பாட்டில் உனக்கு எப்படிக் கேட்டது என்று.

"எங்க கேட்டுச்சு? காதுதான் அடச்சிருச்சே. கண்ண வச்சுக்கிட்டேன். மூணு மாசமா மரத்தப் பாத்துக்கிட்டேதான் கொழுந்து எடுக்குறேன். இன்னைக்கு ஒரு கழுகு அந்தக் கெளயில ரெண்டு தரம் வந்து மோதுச்சு. குளவிக் கூடு இருந்தாத்தான், புழுவத் தின்ன அது அப்பிடி மோதும்." அடுப்பில் விறகைத் தள்ளினாள். "ஆனா படங்குக்குள்ள மூச்சு முட்டுச்சுக்கா. பாட்டு நிக்காட்டி, குளவி போயிருச்சுன்னு நெனச்சு எந்திரிச்சிருப்பேன். யாரு நிறுத்துனா?"

"நான்தான்."

"ம்" என்றாள். மாவைப் பிசைந்தாள். "முந்தியே நிறுத்தியிருக்கலாம்."

கோபமில்லாமல் சொன்னாள். கோபத்தோடு சொல்லியிருந்தால் நான் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன்.

மறுநாள் காலையில் எனக்கு முன்னாலேயே ஆள் வந்து கூட்டைப் புகை போட்டு எடுத்திருந்தார்கள். பெட்டிகள் அதே மரங்களில் இருந்தன. சத்தத்தைப் பாதியாகக் குறைத்துப் போடலாம், விருந்தாளிகள் கேட்கிறார்கள் என்றார் மேனேஜர். எட்டு மணிக்குச் சுவிட்சைப் போட்டேன். ஆமாம், போட்டேன். அதையும் மறைக்கப் போவதில்லை.

பெரட்டு முடிந்து பெண்கள் வந்தார்கள். ஆறாம் மலையின் விளிம்பு வரைக்கும் வந்து நின்றுவிட்டார்கள். இறங்கவில்லை. நாற்பது பேரும் மட்டக்கம்பை நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பேசாமல் நின்றார்கள். முன்னால் என் தங்கச்சி. குளவியே இல்லாத மலையில் கம்பைத் தூக்கி நான் அதுவரைக்கும் பார்த்ததில்லை. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கியது. யார் கையும் இறங்கவில்லை.

அவர்களுடைய கங்காணி மூச்சு வாங்க ஏறி வந்து வராந்தாவுக்கு வெளியே நின்றார். "பாட்டு நின்னாத்தான் எறங்குவாங்களாம். நான் சொல்லிப் பாத்துட்டேன், கேக்க மாட்டேங்குறாங்க" என்றார். நான் அதைச் சிங்களத்தில் சொன்னேன். மேனேஜர் கீழே பார்த்தார். முன்னால் நிற்கிற அந்தப் பெண் யார், தோட்டத்தில் சொல்லி அவளை வேறு மலைக்கு மாற்றிவிடலாம் என்றார். பிறகு என்னைப் பார்த்து, உனக்கு இவர்களில் யாரையாவது தெரியுமா என்று கேட்டார்.

"அது என் தங்கச்சி" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. நீ ஹட்டன் அல்லவா என்றார்.

"இல்லை சேர். கீழே தெரிகிற லயத்தில் நாலாவது காம்பரா. இது எதுவும் அவள் பிடிவாதம் இல்லை. இன்னொரு குளவி கொட்டினால் அவள் செத்துப்போவாள். காது கேட்டால்தான் அவள் உயிரோடு இருப்பாள். எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும்" என்றேன். சொல்லிக்கொண்டே குனிந்து சுவிட்சை அணைத்தேன். அவர் தடுக்கவில்லை.

கீழே கம்புகள் ஒவ்வொன்றாக இறங்கின. என் தங்கச்சி முதல் நிரைக்குள் கால் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு சத்தம் ஏறி வந்தது. படபடவென்று, லேசாக, நிற்காமல், மலை முழுவதிலிருந்தும் வந்தது. மேசையில் உட்கார்ந்திருந்த ஒரு விருந்தாளி தலையைத் தூக்கி, மழையா என்று கேட்டார். கொழுந்து ஒடிக்கிற சத்தம், நாற்பது பேர் கை என்றேன். அவர் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து வராந்தா விளிம்புக்கு வந்து நின்று கேட்டார்.

அன்றைக்குச் சாயந்திரம் நீலச் சேலையோடு குறுக்குப் பாதையில் இறங்கி வீட்டுக்குப் போனேன். பத்து நிமிஷம்தான் ஆனது.